இறங்குகிற வண்டி

மஞ்சூரில் கரண்ட் போன இரவு.
கோயம்புத்தூர் மின்விசிறிகள்
எங்கள் மலைத் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருக்க
எனக்குப் பேட்டரியில் ஒரு ஈசிஜி மெஷின்,
வாயில் கவ்விய டார்ச்.

படுக்கையில் ஆல்துரை. மேல்குந்தாக்காரர்.
கெத்தை வழி பஸ் ஓட்டுகிறவர்.
நாற்பத்து மூன்று கொண்டை ஊசியில்
ஒருநாளும் வராத தலைசுற்றல்
வாசலில் ஷூ கழற்றக் குனிந்தபோது வந்திருக்கிறது.

ஜெல் தீர்ந்து இரண்டு நாள்.
சலைனில் நனைத்த பஞ்சுதான்.
உறைபனி மாதத்தில் உலோகக் கிண்ணங்களை
அப்படியே வைத்தால் நெஞ்சு நடுங்கும்,
கோடெல்லாம் புல் முளைத்துவிடும்.
ஆறையும் என் ஸ்வெட்டருக்குள் வைத்துச் சூடாக்கினேன்.
"அடைகாக்கிறீங்களா சிஸ்டர்?" என்றார்.
நல்லது. பேசுகிறார்.

காகிதம் வந்தது.
சின்ன மேடுகள், மூன்றரைக் கட்டத்துக்கு ஒன்று.
பெரிய கூர்கள், ஒன்பது கட்டத்துக்கு ஒன்று.
இரண்டும் ஒன்றையொன்று கேட்கவே இல்லை.
மாடிக்கு ஒரு கடிகாரம்,
கீழ்வீட்டுக்கு வேறொன்று.

டாக்டர் வரும்வரை
படித்த வழியை மனதுக்குள் நடந்தேன்.

வலது மேலறையின் உச்சி,
பெருஞ்சிரை வந்து சேரும் மூலை.
அங்கே இருப்பதும் தசைதான். தனியாகத் தெரியாது.
யாரும் அதற்கு உத்தரவு போடுவதில்லை,
அதுவும் எதையும் முடிவு செய்வதில்லை.
கசிகிறது.
சோலைக்காட்டு ஊற்றுபோல
உப்பு சொட்டுச் சொட்டாய் உள்ளே கசிந்து
விளிம்பு தொட்டதும் வழிகிறது.
நரம்பு வந்து விரட்டும், "மெல்ல" என்றும் சொல்லும்.
நரம்பை அறுத்தாலும்
அது பாட்டுக்கு வழியும்.

வழிந்தது கம்பியில் போவதில்லை.
அங்கே கம்பியே கிடையாது.
காட்டுத்தீக்கு வரிசையில் நின்று
குடம் கைமாற்றுவதுபோல
செல்லுக்குச் செல்.

அப்புறம் சுவர்.
மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே
மின்சாரம் ஏறாத நார்ச்சுவர்,
அதில் ஒரே ஒரு கணவாய்.
கணவாயின் வாசலில் ஒரு முடிச்சு.
தாமதிப்பதுதான் அதன் உத்தியோகம்.
வந்ததை வாங்கி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நிறுத்தி,
மேலறை தன் கடைசி மடக்கைக் கொட்டியபின்
போ என்கிறது.

மலைச்சாலையில் இறங்குகிற வண்டிதான் நிற்க வேண்டும்.
ஏறுகிறவன் நின்றால் மறுபடி எடுப்பது கஷ்டம்.
இதை ஆல்துரைக்கு நான் சொல்வதா?
இருபத்தாறு வருடம் வளைவுக்கு வளைவு நின்றவர்.
உள்ளே அந்த முடிச்சில்
இறங்க வந்தது நின்றது,
நின்றபடியே இருக்கிறது.

கணவாய்க்கு அப்பால் பாதை இரண்டாய்ப் பிரிந்து
நடுச்சுவரின் இருபுறமும் நுனிவரை ஓடி
உள்தோலுக்கடியில் வேர்ப்பின்னலாகிறது.
அதனால்தான் இதயம் அடியிலிருந்து பிழிகிறது,
ஈரக் கம்பளியைப் பிழிகிறவள் மாதிரி.

மேலிருந்து சேதி வராதபோது
அந்த வேர்களில் ஏதோ ஒன்று
தானே கசியத் தொடங்கும். மெதுவாக.
நிமிடத்துக்கு முப்பத்து மூன்று.
அதற்கு ஓடத் தெரியாது, படியேறத் தெரியாது.
ஷூ கழற்றக்கூடப் போதவில்லை.
ஆனாலும் இன்றிரவு இந்த ஆளை
அதுதான் சுமக்கிறது.

டாக்டர் ஷமீனா ஊசி போட்டார்.
முப்பத்தைந்து ஆனது. அதற்குமேல் நகரவில்லை.
"கோயம்புத்தூர்," என்றார். "பேஸ்மேக்கர்."
ஊட்டி வழியா, கெத்தை வழியா?
ஆம்புலன்ஸ் பையன் புதியவன்.

ஸ்ட்ரெச்சரில் இருந்தபடி ஆல்துரைதான் சொன்னார்:
"கெத்தை. இருபத்தேழாவது வளைவுல யானை நிக்கும்.
ஹார்ன் வேண்டாம். லைட்டை அணைச்சு நில்லு தம்பி.
அதுவா போகும்."

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போய் நின்றேன்.
நீலவிளக்கு ஒரு வளைவில் தெரிந்தது,
மறைந்தது, கீழே தெரிந்தது.
எண்ணிக்கொண்டே இருந்தேன்.
ஓரிடத்தில் வெகுநேரம் இருட்டு.
யானைதான் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.